தூரமா சார் பாங்காக் கிளம்பிய கதை

பயந்த மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பல்லிக்குப் பயந்தவர், ஊசிக்குப் பயந்தவர், மாமியாருக்குப் பயந்தவர் எல்லாரும் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. ஆனால் 'எங்கே' என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து முப்பது வருஷம் எந்த ஊரையும் பார்க்காமல் இருந்தவர் இந்த பூமியில் ஒருவர்தான். அவர் விழுப்புரத்தில் எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்து, போன வருஷம் ஓய்வு பெற்றார்.

சர்வீஸ் ரெஜிஸ்டரில் அவருக்கு அழகான பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் 'தூரமா' சார்தான்.

வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்க போறே' என்று கேட்கக் கூடாது, போகிற காரியம் விளங்காது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் 'தூரமா?' என்று சுற்றி வளைத்துக் கேட்பது வழக்கம். நாமெல்லாம் இதைப் பாதி நம்புவோம், அவசரத்தில் மறந்தும் போவோம். சார் முழுசாக நம்பினார். வாசற்படி தாண்டிய பிறகு யாராவது 'எங்க' என்று கேட்டுத் தொலைத்தால் அந்தப் பயணம் ரத்து. வீட்டுக்குத் திரும்பி, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து கிளம்ப வேண்டும்.

அரசு ஊழியர் அல்லவா, இதற்கு உட்பிரிவுகள் வேறு வைத்திருந்தார். எழுத்தில் கேட்டால் தோஷமில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் தோஷமில்லை. வீடு திரும்பும் வழியில் யார் கேட்டாலும் தோஷமில்லை. கிளம்பிப் போகிற வழிதான் கண்டம்.

நாங்கள் இரண்டு பேரும் திண்டிவனம். தினமும் ஒரே பஸ்ஸில் விழுப்புரம் போய் வருவோம். காலையில் ஏறிய உடனே, கண்டக்டர் டிரைவர் பக்கத்தில் நிற்கும்போதே, கடைசி சீட்டிலிருந்து சார் "விழுப்புரம் ஒண்ணு!" என்று கத்துவார். அந்த ரூட்டில் ஓடும் கண்டக்டர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். ஒருநாள் புதிதாக ஒரு கண்டக்டர் வந்தார். கூட்டத்தில் சாரின் குரல் அவர் காதில் விழவில்லை. கூட்டேரிப்பட்டு தாண்டும்போது பக்கத்தில் வந்து, "சார் எங்க?" என்று கேட்டுவிட்டார்.

சார் விக்கிரவாண்டியில் இறங்கினார். எதிர்ப்பக்கம் பஸ் பிடித்துத் திண்டிவனம் போய், தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்பி ஆபீஸ் வந்து சேரும்போது மணி பதினொன்றரை. "என்னய்யா லேட்டு? ரோட்ல மரம் கிரம் விழுந்துச்சா?" என்று அதிகாரி கேட்டார்.

"மரம் இல்ல சார். கண்டக்டர் வாய் விழுந்துச்சு."

தான் கேட்கப்படக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. அடுத்தவர்களுக்கும் அதே மரியாதையைச் செய்வார். டீக்குப் போகிறவரையும் கேட்பார், பாத்ரூம் போகிறவரையும் கேட்பார்: "தூரமா?" புதிதாக வேலைக்குச் சேர்ந்த டைப்பிஸ்ட் பெண் மூன்றாம் நாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் பையை எடுத்தாள். சார் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "என்னம்மா, தூரமா?" என்றார். பெண்களுக்கு மாதத்தில் வரும் அந்த மூன்று நாளுக்கும் வீடுகளில் 'தூரம்' என்றுதான் பெயர். அந்தப் பெண் முகமெல்லாம் சிவந்து என்னிடம் ஓடி வந்தாள். "மேடம், இந்த ஆபீஸ்ல இதையெல்லாமா பர்மிஷன் லெட்டர்ல எழுதணும்?" என்று கேட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பஸ்ஸில் அவரைக் கிண்டல் செய்யாத நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் இந்தக் கூத்தில் உண்மையாகவே கஷ்டப்பட்டவர் அவர் மனைவி சரசு அக்கா. கல்யாணம் முடிந்த நாலாம் நாள் இருவரும் ஊட்டிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் ஒருவர் பல்லெல்லாம் தெரிய, "என்னா, பொண்ணு மாப்ள எங்க கெளம்பிட்டீங்க?" என்றார். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியவர்கள்தான். கன்னியாகுமரிக்கு எட்டுத் தடவை கிளம்பி, அதிகபட்சமாக விழுப்புரம் ஜங்ஷன் வரைக்கும் போயிருக்கிறார்கள். அக்கா பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தது எத்தனை தடவை, அப்படியே எடுத்து பீரோவில் வைத்தது எத்தனை தடவை என்று அவருக்கே நினைவில்லை.

அக்கா கிளியனூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தார். அக்கா ஓய்வு பெற்ற வாரத்தில், சாருக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். சார் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"தே, இத்த பாரு. வாய்க்கால்ல படகு விட்டுக்கினு ஒருத்தி எளநி விக்கிறா. இந்தாண்ட ஒருத்தி படகுலயே அடுப்பு மூட்டி சமைக்கிறா. கடத்தெருவே தண்ணி மேல போய்க்கினு இருக்குது! ஆயிரம் புள்ளைங்களுக்கு சோறு போட்டவ நான். எனக்கு ஒருத்தி படகுல வந்து எதுனா குடுக்கட்டுமே. நான் உக்காந்த எடத்துல வாங்கி குடிக்கணும்."

"எங்கக்கா இருக்குது இந்த ஊரு?" என்றேன்.

சார் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தான் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து மறுபடி பேப்பரை எடுத்துக்கொண்டார்.

"பாங்காக்கு பக்கத்துல. நாலு நாள் போய்ட்டு வரலாம்ன்றாங்க. நீயும் வா. உன் வூட்டுக்காரர்கிட்ட நான் பேசறேன்." அக்கா பேசவே தேவைப்படவில்லை. "தாராளமா போய்ட்டு வா. நாலு நாள் வீடு அமைதியா இருக்கும்," என்று என் வீட்டுக்காரர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

சாரைச் சம்மதிக்க வைப்பதற்கு வருவோம். வெளிநாடு என்றால் அவருக்குப் பழகிய மாதிரி இருக்கட்டுமே என்று நான் கோலாலம்பூரை எடுத்துவிட்டுப் பார்த்தேன். முருகனையும் கும்பிட்ட மாதிரி ஆச்சு என்றேன்.

"அய்யய்யோ, வேணாம்மா! அங்க பூரா நம்ம ஆளுங்க. கீழ எறங்குன ஒடனே 'எந்த ஊரு, எங்க போறீங்க'ன்னு பாசமா புடிச்சிக்குவாங்க. சிங்கப்பூரும் அதே பேஜாருதான்."

"அப்ப பாங்காக்?"

அவர் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. "அங்க தாய் மொழிதான பேசுவாங்க? அவன் என்னா கேட்டாலும் நமக்குப் புரியாது. புரியாம கேட்டா தோஷமே இல்லம்மா!" உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்காகப் பாங்காக் போகிறார்கள். தன்னிடம் யாரும் தமிழில் பேச மாட்டார்கள் என்பதற்காக அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தவர் எங்கள் சூப்பிரண்டு ஒருவராகத்தான் இருப்பார்.

அரசு ஊழியர் வெளிநாடு போக ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் ஊர் பெயரைப் பார்த்த செக்ஷன் கிளார்க் கண்ணைச் சிமிட்டி, "பாங்காக்கா சார்... நடத்துங்க சார்!" என்றார். "ஆமாம்பா, படகுல உக்காந்து எளநி குடிக்கத்தான்," என்று சார் உண்மையைச் சொன்னார். அந்த ஆபீஸில் ஒரு ஈ காக்கைகூட அதை நம்பவில்லை.

பிறகு சார் ஒரு ஃபைல் திறந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், பச்சை நாடா கட்டிய நிஜ ஃபைல். மேலே 'பொருள்: நான்கு நாட்கள் பாங்காக் பயணம் – எ-வினா தவிர்த்தல் – தொடர்பாக' என்று எழுதியிருந்தது. 'எங்கே' என்று எழுதக்கூட அவருக்கு மனசு வரவில்லை. சாயங்கால பஸ்ஸில் அந்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நானும் அவரும் திட்டம் போடுவோம். மற்றவர்கள் ஒரு ஊருக்குப் போகத் திட்டம் போட்டால் என்ன பார்ப்பது, என்ன சாப்பிடுவது என்று போடுவார்கள். நாங்கள் எந்த இடத்தில் எவன் வாயைத் திறப்பான் என்று போட்டோம். விமான நிலையத்தில் பெட்டி போடுகிற இடத்தில் கேள்வி வரும், ஆகவே பெட்டியே வேண்டாம், ஆளுக்கு ஒரு கைப்பை. போர்டிங் பாஸ் முதல் நாளே போனில் எடுத்துவிடுவது. மற்ற இடங்களுக்காகக் கழுத்தில் ஒரு அட்டை. 'பாங்காக், சுற்றுலா, நான்கு நாட்கள், மனைவியுடன், திரும்பி வர டிக்கெட் உண்டு' என்று பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் அடித்தது. வாயைத் திறக்கும் முன்னால் அட்டையைத் தூக்கிக் காட்டிவிட வேண்டும்.

பாங்காக் ஆற்றில் ஓடும் பயணிகள் படகை வீடியோவில் பார்த்தோம். டிக்கெட் கொடுக்கும் பெண் நீளமான தகரக் குழாய் ஒன்றைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே வருகிறாள். சத்தம் கேட்டதும் எல்லாரும் காசை நீட்டுகிறார்கள். சார் அந்த இடத்தை ஏழு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாயே தொறக்கல பாரும்மா. தகரத்த ஆட்டுறா, வேல முடிஞ்சிடுது. எவ்ளோ நாகரிகமான ஊரு!"

படுத்திருக்கும் புத்தர் கோயில், மிதக்கும் சந்தை, சனி ஞாயிறு மட்டும் நடக்கும் பெரிய சந்தை எல்லாம் நாள்வாரியாக ஃபைலில் ஏறின. கிளம்புவதற்கு முந்தின வாரம் சார் வீட்டில் உட்கார்ந்து கடைசியாக ஒரு தடவை சரிபார்த்தோம். எனக்குப் பொறுமை போய்விட்டது. "சார், ஊர் உலகத்துல யாரும் யாரையும் கேக்காமயா இருக்காங்க? கேட்டவன் கேட்டுக்கினுதான் இருக்கான், போறவன் போய்க்கினுதான் இருக்கான். இது என்னா பைத்தியக்காரத்தனம்?" என்று கத்திவிட்டேன். சார் ஃபைலைக் கட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சரசு அக்கா என் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் குரலை இறக்கிப் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அவருக்கு அப்ப பதினோரு வயசு. அவங்க அப்பா சைக்கிள எடுத்துக்கினு கெளம்புறாரு. இவரு பின்னாலயே ஓடி, 'எங்கப்பா போறே'ன்னு கேட்டிருக்காரு. மயிலம் ரோட்ல லாரி அடிச்சிடுச்சி. எழவு வீட்டுல எவளோ ஒருத்தி, 'கெளம்பறப்ப புள்ள எங்கன்னு கேட்டுச்சாம், அதான் இப்டி ஆயிடுச்சி'ன்னுட்டா. அவ சொல்லிட்டு பூட்டா. இவரு இன்னும் அத்த கேட்டுக்கினே இருக்காரு."

அக்கா சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

"அவருக்கு அவரு உசுரு ஒண்ணும் பெருசு இல்ல. தனியா போற அன்னிக்கு ஆபீசுக்கு லேட்டாவும், அவ்ளோதான். நான் கூட வர்றேன் பாரு, அதான் பயம். கேட்டப்புறம் என்னை கூட்டிக்கினு போனா எனக்கு எதுனா ஆயிடும்னு. அதனாலதான் ஒவ்வொரு தபாவும் நானும் வாய மூடிக்கினு திரும்பி வந்தேன். இப்ப என் முட்டி ரெண்டும் கேக்க மாட்டேங்குது. இன்னும் ரெண்டு வருசம் போனா படகுல ஏற முடியுமோ என்னமோ. அதான் சொல்லிட்டேன். இந்த தபா யாரு என்னா கேட்டாலும் நான் போறேன். அவரு திரும்புனா திரும்பட்டும், நான் திரும்பிக்கூட பாக்க மாட்டேன்."

"அவருகிட்டயே சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சாரு."

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது, இத்தனை வருஷமாக பஸ்ஸில் நான் அடித்த கிண்டல் ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. இவர்களை எப்படியாவது அந்தப் படகில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் சார் தெருவில் வீடு வீடாகப் போய், "நாளைக்கு காலைல கெளம்பறோம். தயவுசெஞ்சி யாரும் எதுவும் கேக்காதீங்க," என்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் நான் போனபோது தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒருவர் வாயிலும் சத்தம் இல்லை. கைப்பைகளோடு நாங்கள் காரில் ஏறும்போது எதிர்வீட்டு அம்மா ஆரம்பிக்க, தெரு முழுக்க ஒரே குரலில், "தூரமா?" என்றது. சாருக்குப் புல்லரித்துவிட்டது. "ஆமா, கொஞ்சம் தூரம்!" என்று கை அசைத்தார்.

டிரைவரை நான் முதலிலேயே மிரட்டி வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வாடகை கிடையாது என்று சொல்லியிருந்தேன். பையன் தங்கமானவன். மேல்மருவத்தூர், செங்கல்பட்டு, தாம்பரம் எல்லாம் தாண்டி ஒரு வார்த்தை இல்லை. வண்டி நன்றாகத்தான் போனது. நான் கொஞ்சம் கண் அசந்து விழித்துப் பார்த்தால் எதிரே கிண்டி பாலம்.

"ஏம்ப்பா! ஏர்போர்ட்ட தாண்டி வந்துட்டியே!"

"வாயத் தொறக்காதன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க! எந்தப் பக்கம் திரும்புறதுன்னு கேக்கணும்னு பல்லாவரத்துலேர்ந்து எனக்கு நெஞ்ச அடச்சிக்கினு இருக்குது!"

சார் முன்சீட்டிலிருந்து வருத்தத்தோடு திரும்பினார். "'எந்தப் பக்கம்'னு கேட்டா தோஷமில்லப்பா. அத்த கேட்டிருக்கலாமே நீ." மதிய விமானம்தான், நேரம் இருந்தது. ஆனாலும் திரும்பி வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நுழைவாயிலில் காவலர் டிக்கெட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், உள்ளே விட்டார். பேச்சே இல்லை. உள்ளே சாரின் கழுத்து அட்டையைப் பார்த்த ஒரு ஊழியர், இவர் வாய் பேச முடியாதவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஜாடையிலேயே வழிகாட்டி, குடியேற்றச் சோதனை வரிசை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். சாரும் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். "ஜல்தியா முடிஞ்சிடுச்சி பாத்தியா? ஃபைல் போட்டு செஞ்சா எல்லாம் நடக்கும்மா," என்று என் காதில் சொன்னார்.

இனி இந்த ஒரு மேஜைதான். அக்கா பக்கத்து கவுன்ட்டருக்குப் போனார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. முத்திரை விழுந்தது, அந்தப் பக்கம் போய் நின்றார். சார் முன்னால், நான் அவருக்குப் பின்னால். மேஜைக்குப் பின்னால் சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். பாஸ்போர்ட்டைப் புரட்டியவள் முகம் மலர்ந்து போயிற்று.

"திண்டிவனமா சார்! நான் கண்டமங்கலம்! காலைலேர்ந்து நம்ம ஊர் ஆளு ஒருத்தரும் வரலியேன்னு பாத்துக்கினு இருந்தேன்!"

சார் அவசரமாக அட்டையைத் தூக்கினார். அது திரும்பிக் கிடந்தது, வெள்ளைப் பக்கம்தான் தெரிந்தது. அதற்குள் அந்தப் பெண் ஊர்ப் பாசத்தோடு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"எங்க சார் போறீங்க?"

நாங்கள் பச்சை நாடா கட்டிக் காப்பாற்றி வந்த பயணம் கண்டமங்கலத்துக்காரியிடம் மாட்டிக்கொண்டது. சார் அசையவில்லை. பிறகு அவர் உடம்பு தானாகத் திரும்பியது, வந்த வழியைப் பார்க்க. நான் அவருக்கு நேர் பின்னால் நிற்கிறேன், அந்த முகத்தைப் பார்த்தேன். அறுபது வயதை நெருங்கிய முகம் இல்லை அது. சைக்கிளுக்குப் பின்னால் ஓடிய பையனின் முகம்.

அந்தப் பக்கம் சரசு அக்கா நின்றார். அவர் காதிலும் விழுந்திருக்கும், எட்டடி தூரம்தான். கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சொன்னபடியே திரும்பிப் பார்க்காமல் நின்றார். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

சார் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அந்தப் பெண், கேட்டது காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "சார்? எங்க போறீங்கன்னு கேட்டேன்," என்றாள் மறுபடி.

சார் மெதுவாக மேஜைப் பக்கம் திரும்பினார். விரலை நீட்டினார்.

"தோ... அங்க நிக்கிறாங்களே. அவங்க கூட."

அந்தப் பெண் திரும்பி அக்காவைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். முத்திரை குத்தினாள். சார் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டிப் போய், அக்காவின் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டதை மட்டும் பார்த்தேன். படகு, இளநீர், படுத்திருக்கும் புத்தர் எல்லாம் இப்போது அக்காவின் போனில் போட்டோக்களாக இருக்கின்றன. திண்டிவனத்தில் யார் கேட்டாலும் காட்டுவார், கேட்காவிட்டாலும் காட்டுவார்.

அன்றைக்கு அடுத்தது என் முறை. "மேடம் நீங்க எங்க?" என்றாள் அந்தப் பெண். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். "பர்ஸ்ட் டைமா மேடம்? பயப்படாதீங்க," என்று அவளே தைரியம் சொன்னாள். எனக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம் குறைவு. ஆனாலும் பாஸ்போர்ட்டை நீட்டியபடி அந்த மேஜைக்கு முன்னாலேயே நின்று, இவர்கள் இரண்டு பேரும் நல்லபடியாகப் போய் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்று, எனக்குப் பெயர் தெரிந்த சாமிகள் அத்தனை பேரையும் வேண்டிக்கொண்டேன்.